பீல் நகரில் அபேனாவின் செத்தவீடும் என் வெள்ளைச் சேலையும்

பீல் நகரத்தைப் பற்றி எழுதச் சொல்லி உங்களில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். வாவி எப்படி, பழைய நகரம் எப்படி, ஒரு நாள் போதுமா, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்றெல்லாம். போய் வந்துவிட்டேன். ஆனால் வாவியைப் பார்க்கவில்லை, பழைய நகரத்துக்குள் கால் வைக்கவும் இல்லை. நான் போனது ஒரு செத்தவீட்டுக்கு. இதையும் பயணக் கணக்கில் எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். ரயிலும் பஸ்ஸும் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று கடைசியில் எழுதுகிறேன். நேரமும் தூரமும் வழக்கம்போலச் சரியாக இருக்கும். மற்றதெல்லாம் கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாசிக்க வந்தவர்களுக்கு ஒரு அறிமுகம். நான் ரெஜினா. சொந்த இடம் மன்னார், பேசாலை. இருபத்தாறு வருடமாக ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிறேன். பேர்னில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. லீவு கிடைத்தால் அரைக்கட்டண அட்டையை எடுத்துக்கொண்டு எங்கேயாவது கிளம்பிவிடுவேன், வந்து இங்கே எழுதுவேன். வீட்டுக்காரர் வரமாட்டார். அவருக்கு ரயிலில் ஏறினாலே நித்திரை வந்துவிடும், அதற்கு எதற்குச் சீட்டு வாங்கவேண்டும் என்று கேட்பார்.

அபேனா என்னோடு ஒன்பது வருடம் ஒரே மாடியில் வேலை செய்தவள். கானா நாட்டில் குமாசி அவளுடைய ஊர். செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்பிள்ளைக்கு அங்கே அபேனா என்று பெயர் வந்துவிடுமாம். நான் பிறந்த கிழமை என் அம்மாவுக்கே ஞாபகம் இல்லை என்று சொன்னபோது, அப்படியென்றால் நீ இன்னும் பிறக்கவே இல்லை என்று சிரித்தாள். பீலில் இருந்து தினமும் ரயிலில் வேலைக்கு வருவாள். வேலை முடிந்து போனால் வீட்டில் தையல். தன் நாட்டு நடனங்களைப் பார்த்து அவற்றிலிருந்து உடுப்புச் செய்வதுதான் அவள் தையல்.

மேடையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் தைத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்குப் போட, வேலைக்குப் போட, ரயிலில் போட என்று தைப்பாள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு நடனம் இருக்கும். அக்பாட்ஜா என்று ஒரு ஆட்டம், அதில் தோள்பட்டையும் முதுகும்தான் முன்னும் பின்னுமாக அசையும். அதற்காக அவள் தைக்கிற சட்டையில் முதுகுப்பக்கம் ஆழமான மடிப்பு வைத்திருப்பாள். க்பான்லோகோ குனிந்து நிமிர்ந்து ஆடுவது, அதனால் பாவாடையில் அகலம் விடுவாள். அடோவா அவளுடைய ஆக்களின் ஆட்டம். அடி சின்னதாக வைத்து மெதுவாக நடப்பார்கள், பேசுவதெல்லாம் கைதான். அடோவாச் சட்டைக்குக் கைப்பகுதியை வெட்ட மட்டும் ஒரு முழு மாலை எடுப்பாள்.

அளவெடுப்பதுதான் வேடிக்கை. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பாள், அது அங்கேயே கிடக்கும். மலிவான வெள்ளைத் துணியில் ஒரு சட்டையை இழையோட்டி உங்களுக்குப் போட்டுவிட்டு, போனில் மேளத்தைப் போட்டு, ஆடு என்பாள். நீங்கள் ஆடவேண்டும். துணி எங்கே இழுக்கிறதோ அங்கே ஓடிவந்து சோக்கால் கோடு போடுவாள். வாயில் குண்டூசி இருக்கும், அதோடுதான் திட்டுவாள். "நிக்கேக்க எல்லாச் சட்டையும் அளவாத்தான் இருக்கும், ரெஜி" என்பாள். எனக்கும் ஒன்று தைக்கிறேன் என்று மூன்று வருடம் கேட்டாள். ஆட வெட்கப்பட்டு நான் அளவு கொடுக்கவே இல்லை. (நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது யேர்மனில். இங்கே எல்லாரையும் என் தமிழில் கதைக்க விட்டிருக்கிறேன்.)

போன வருடம் ஐப்பசியில் அவளுக்கு வருத்தம் என்று தெரிந்தது. என்ன வருத்தம் என்று சொல்லத் தேவையில்லை, உங்களுக்கு விளங்கும். பாருங்கள், எழுதும்போதுகூடச் சொல்லமாட்டேன் என்கிறேன். புற்றுநோய். வேலைத்தலத்தில் அவள் அதை முதலில் சொன்னது எனக்குத்தான். சொல்லிவிட்டு, ஒன்பதே கால் தேத்தண்ணி நேரத்தில், பாணைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

"ரெஜி, என்ர செத்தவீட்டுக்கு நீ என்ன உடுத்துவாய்?"

"வாயைக் கழுவு. நல்லதைக் கதை," என்றேன்.

"இது கெட்ட கதை இல்லை. எங்கட ஊரில எல்லாரும் கதைக்கிறது. அம்மா தனக்குரிய துணியை எப்பவோ எடுத்து வைச்சிட்டா."

"எங்கட ஊரில அப்பிடிக் கதைக்கிறேல்லை. விடு."

அவள் தோளைக் குலுக்கிவிட்டு விட்டாள். மாசி மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டிலில் துணிகளை விரித்து வைத்திருந்தாள், கறுப்பு, சிவப்பு, காய்ந்த மண் நிறம். உட்கார், உனக்கு ஒன்று காட்டவேண்டும் என்றாள். அதில் எதுவோ சாவு சம்பந்தமாக இருக்கிறது என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியபடியால்தான் எல்லாத்தையும் நானே மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, சூப் வைக்கிறேன் என்று குசினிக்குப் போய்விட்டேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் முழுமனதாக நினைத்தேன். வருத்தக்காரர் முன்னால் சாவைப் பற்றிக் கதைத்தால் அது கேட்டுக்கொண்டு வந்துவிடும் என்றுதான் எங்களை வளர்த்தார்கள்.

சித்திரையில் அண்ணன் மகளின் கலியாணத்துக்கு மன்னார் போனேன். நான் அங்கே நின்ற பன்னிரண்டாம் நாள், அபேனா போய்விட்டாள் என்று அவள் மகள் அஃபியா செய்தி அனுப்பியிருந்தாள். கலியாணத்துக்கு முதல் நாள். பந்தல்காரரோடு கதைத்துக்கொண்டு நின்ற இடத்தில் அப்படியே இருந்துவிட்டேன். பீலிலேயே அடக்கம் செய்தார்கள். எனக்குத் திரும்பி வர முடியவில்லை. அபேனாவின் அம்மாவுக்கும் விசா கிடைத்து வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. அதனால் அம்மா வந்த பிறகு ஒரு மண்டபம் எடுத்து, தங்கள் முறைப்படி எல்லாரும் கூடி அழுவதற்கு ஒரு சனிக்கிழமையை வைத்தார்கள். மே மாதம், காலை பதினொரு மணிக்கு வரச்சொல்லி அஃபியா அறிவித்தாள்.

என்ன கட்டிக்கொண்டு போவது? சுவிஸ்காரர் என்றால் கறுப்பு. வேலைத்தலத்தில் யாரும் இறந்தால் நானும் கறுப்புக் காற்சட்டைதான் போடுவேன். ஆனால் அபேனா வேலைத்தலத்து ஆள் இல்லையே. எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் என்ன கட்டுவேனோ அதையே இவளுக்கும் கட்டவேண்டும் என்று நினைத்தேன். வெள்ளைச் சேலை. என் அம்மாவின் அடக்கத்துக்குக் கட்டியது. முதல் நாள் அதைக் கஞ்சி போட்டு அழுத்தி வைத்தேன். வீட்டுக்காரரும் பார்த்தார், அவருக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கிறது.

இனிப் பயணம். ஓஸ்டர்முண்டிகன் நிலையத்தில் காலை 9.22க்கு ரயில், 9.29க்கு பேர்ன். அங்கே 9.42க்கு பீல் ரயில். பதின்மூன்று நிமிடம் இருக்கிறது என்று கோப்பி வாங்கப் போகாதீர்கள், பேர்ன் நிலையத்தில் மேடை மாறவே எட்டு நிமிடம் போகும். பீல் முப்பத்துநான்கு கிலோமீற்றர், 10.10க்கு இறங்கிவிடலாம். அரைக்கட்டண அட்டையோடு ஒரு வழிக்கு 9 பிராங் 80 சதம் கொடுத்தேன். விலை மாறும், போகிற நாளில் பார்த்து வாங்குங்கள். போகும்போது இடப்பக்க யன்னலில் இருந்தால் யூரா மலை கிட்ட வருவது தெரியும். நான் வலப்பக்கம் இருந்தேன், சேலை கசங்கக் கூடாது என்று முழுவதும் நிமிர்ந்தே இருந்தேன்.

மண்டபம் பேட்சிங்கன் பக்கம். நிலையத்திலிருந்து மூன்று கிலோமீற்றர், பஸ்ஸில் பன்னிரண்டு நிமிடம், 2 பிராங் 60. பீலில் எல்லாத்துக்கும் இரண்டு பெயர், ஒன்று யேர்மனில், ஒன்று பிரெஞ்சில். பஸ்ஸும் ஒவ்வொரு தரிப்பையும் இரண்டு தரம் சொல்லும். கவனிக்காமல் இருந்தால் இரண்டு தரிப்பு தாண்டிவிட்டதாக நினைத்து அவசரமாக இறங்கிவிடுவீர்கள். எனக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை, ஏனென்றால் சாரதி எங்கள் ஆள். பஸ் கிளம்ப இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. கதவடியில் என்னைக் கண்டதும் அவரே தமிழில் தொடங்கினார்.

"வாங்கோ அக்கா. ஆற்ற செத்தவீடு? இஞ்ச எங்கட ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லையே, எனக்கு அறிவிப்பு வரேல்லை."

"எங்கட ஆக்கள் இல்லை அண்ணை. கானாக்காரப் பிள்ளை. என்னோட வேலை செய்தவள்."

"அப்பிடியோ. அதுக்கும் சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறியள்." கொஞ்சம் பொறுத்து, "நல்லது அக்கா. ஆரெண்டாலும் செத்தவீடு செத்தவீடுதானே," என்றார்.

இறங்கும்போது மண்டபம் எங்கே என்று கையைக் காட்டிச் சொன்னார். பழைய மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றின் இரண்டாம் மாடி. உயரமான யன்னல்கள், வெளிச்சம் நன்றாக வரும், சின்னச் சின்னச் சில்லுகளைப் பார்த்து வேலை செய்ய அப்படிக் கட்டினார்களாம். படியேறும்போதே மேளம் கேட்டது. 10.55க்குக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே எண்பது பேர் இருக்கும். எல்லாரும் கறுப்பு, சிவப்பு, அல்லது அந்த மண் நிறம். சுவரோரம் ஒரு கயிறு கட்டி அபேனா தைத்த உடுப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். முதுகில் மடிப்பு வைத்த சட்டைகள், அகலப் பாவாடைகள், நீலமும் மஞ்சளுமாக ஒரு மழைக்கோட்டு. நடன வகுப்புக்குப் போகிற சுவிஸ் பெண்கள் நாலைந்து பேர் கறுப்பில் நின்று அவற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். முழு மண்டபத்திலும் வெள்ளை நான் ஒருத்திதான்.

வருகிறவர் வலப்பக்கம் தொடங்கி, இருக்கிற எல்லாருக்கும் கை கொடுத்துக்கொண்டு போகவேண்டும். அது முறை என்று எனக்கு முன்னால் போன ஆளைப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். முதல் ஆள் கை தந்தார், முகம் தரவில்லை. இரண்டாவது பெண் என் சேலையைக் கீழிருந்து மேலே பார்த்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ அபேனாவின் அம்மா. எழுபது வயது இருக்கும். சிவப்புத் துணி போர்த்திருந்தார், தலையில் கறுப்பு. எனக்கு அவரைத் தெரியும், அபேனா போனில் காட்டியிருக்கிறாள். நான் கையை நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கை மடியிலேயே இருந்தது.

நீட்டிய கையோடு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அஃபியா ஓடிவந்து என் முழங்கையைப் பிடித்து, கதிரைகள் அடுக்கியிருந்த பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, பீலிலேயே பிறந்தவள். தாயைப்போலவே நெற்றி.

"ரெஜி அன்ரி, குறை நினைக்காதையுங்கோ. எங்கட ஆக்களுக்கு வெள்ளை எண்டால் சந்தோசம். பிள்ளை பிறந்தால் வெள்ளை. தொண்ணூறு வயசில ஒராள் வாழ்ந்து முடிச்சுப் போனால் வெள்ளை. நாளைக்கு ஞாயிறு, கோயிலில நன்றி சொல்லேக்கையும் வெள்ளைதான். இண்டைக்கு இல்லை. அம்மாவுக்கு நாப்பத்தாறு வயசு. அம்மம்மா உங்களைக் கண்டிட்டு, என்ர பிள்ளை செத்ததுக்குச் சந்தோசப்பட வந்திருக்கிற இவள் ஆர் எண்டு கேக்கிறா."

"எங்கட ஆக்களுக்கு வெள்ளைதானம்மா சாவுக்கு," என்றேன். வேறு என்ன சொல்ல.

"அம்மா உங்களுக்குச் சொல்லேல்லையோ? எல்லாருக்கும் சொன்னவ. ஆர் என்ன நிறம், ஆர் முதல் ஆடுறது எண்டு ஒரு கொப்பியில எழுதி வைச்சவ. உங்கட பெயரும் இருக்கு. அதுக்கு நேர ஒண்டும் எழுதேல்லை. ஏன் எண்டு கேட்டனான். ரெஜிக்கு நான் நேர சொல்லுவன் எண்டவ."

அந்தக் கதிரைகளில் ஒன்றில் இருந்துவிட்டேன். தேத்தண்ணி நேரத்தில் அவள் கேட்டது இது. கட்டிலில் விரித்து வைத்துக்கொண்டு காட்ட வந்தது இது. நான் சாவு வராமல் தடுத்துக்கொண்டிருந்தேன், அவளோ என்ன நிறம் கட்டவேண்டும் என்று சொல்ல முயன்றுகொண்டிருந்தாள். நான் அழுதேன். எனக்காகத்தான் அழுதேன் என்று நினைக்கிறேன், அதையும் மறைக்க விருப்பமில்லை.

அஃபியா ஒரு பையிலிருந்து கறுப்புத் துணி ஒன்றை எடுத்தாள். சிவப்புக் கரை, ஆறு முழம் இருக்கும். சேலைக்கு மேலேயே அக்குளுக்குக் கீழே சுற்றி, நுனியை உள்ளே செருகிவிட்டாள். "மூச்சை இழுங்கோ" என்றாள், இழுத்தேன், இன்னும் ஒருக்கால் இறுக்கினாள். கால்மாட்டில் நாலு விரற்கடை வெள்ளை தெரிந்தது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு அடோவா தொடங்கியது. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து அபேனாவின் அம்மா இருந்த இடம்வரை ஆடிக்கொண்டு போனார்கள். துணி கணுக்கால்வரை சுற்றியிருப்பதால் அடி சின்னதாகத்தான் வரும். கைகள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஏந்துவார்கள், பிறகு நெஞ்சைக் கட்டிக்கொள்வார்கள், பிறகு இரண்டு கையையும் தலையில் வைப்பார்கள். ஒருத்தியின் கை அசைவு முடிந்ததும் அம்மா தலையை ஆட்டுவார், கேட்டுவிட்டேன் என்பதுபோல. அபேனா ஏன் ஒரு முழு மாலை கைப்பகுதியை வெட்டிக்கொண்டு இருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கை மேலே போகும்போது சட்டை எங்கேயும் பிடித்து இழுக்கக் கூடாது.

"அன்ரி, நீங்களும் போங்கோ," என்றாள் அஃபியா.

"எனக்கு ஆடத் தெரியாது பிள்ளை."

"தெரியத் தேவையில்லை. போனால் சரி."

போனேன். அடி வைக்கத் தெரியவில்லை, சும்மா நடந்துதான் போனேன். அம்மாவுக்கு முன்னால் நின்றதும் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டையும் தலையில் வைத்தேன். சின்ன வயதில் அப்படித் தலையில் கை வைத்தால் அடி விழும், உங்களுக்கும் விழுந்திருக்கும், வீட்டுக்குக் கூடாது என்பார்கள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக அப்படி நின்றேன். யாரும் அடிக்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தார். கால்மாட்டு வெள்ளையையும் பார்த்தார். தலையை ஆட்டவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பவும் இல்லை.

சாப்பாடு இரண்டு மணிக்கு. தக்காளிச் சோறும் பொரித்த மீனும். எனக்கு 3.19 ரயில் பிடிக்கும் எண்ணம். இரண்டரைக்கு அஃபியா வந்து, அம்மம்மா கூப்பிடுகிறார் என்றாள். நான் யார் என்று இப்போது சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தது, அஃபியா கீழே இருந்தாள். அம்மா தன் மொழியில் கேட்டார், அஃபியா மாற்றிச் சொன்னாள்.

"அவள் கடைசி மாதங்களில உங்களோடதானாம் கூடக் கதைச்சவள். அம்மம்மா அதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தவ. சாவைப் பற்றி அவள் என்ன சொன்னவள்? பயந்தவளோ?"

ஒரு பொய் வாய்வரை வந்துவிட்டது. பயப்படவில்லை அம்மா, செபம் சொன்னாள், உங்களைத்தான் நினைத்தாள். எந்தத் தாய்க்கும் அது ஆறுதல். செத்தவீடுகளில் இப்படியான பொய் நான் நிறையச் சொல்லியிருக்கிறேன், நன்றாகவும் சொல்வேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். குமாசியிலிருந்து இதற்காக வந்த மனிசி. நான் சொல்லப்போவதை ஊருக்குக் கொண்டுபோய், இருக்கிற காலம் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். அது நான் கட்டிவிட்ட பொய்யாக இருக்கக் கூடாது என்று பட்டது.

"எனக்குத் தெரியாதம்மா," என்றேன். "அவள் கதைக்க வந்தவள். ரெண்டு தரம், மூண்டு தரம் வந்தவள். நான்தான் கதைக்க விடேல்லை."

அஃபியா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்ரி, இதை அப்பிடியே சொல்லவோ?"

"ஓம். அப்பிடியே சொல்லு."

சொன்னாள். அம்மா போத்தலில் இருந்து தண்ணி குடித்தார். மூடியைத் திருப்பித் திருப்பிப் பூட்டினார். எழுந்து போகச் சொல்லிவிடுவார் என்று நான் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு கேட்டார்.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் ஒன்பது வருசமா என்னத்தைத்தான் கதைச்சனீங்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. வெண்டிக்காய் என்றேன். அவள் வழுவழுவென்று சூப் வைப்பாள், நான் அந்த வழுவழுப்புப் போகும்வரை பொரிப்பேன், ஒன்பது வருடமும் அதற்குச் சண்டை. அம்மாவின் வாய் கொஞ்சம் அசைந்தது. பிறகு, என்றார். எங்கள் வேலைச் சட்டை அக்குளில் இழுக்கிறது, உயரக் கண்ணாடி துடைக்க முடியவில்லை என்று அபேனா இரண்டு சட்டையையும் வீட்டுக்குக் கொண்டுபோய், அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். மேற்பார்வைக்காரி இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. பிறகு? நான்காம் மாடி நடையில் ஆள் இல்லாத நேரம், சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நிலம் துடைக்கிற தடியோடு அடோவா ஆடிக் காட்டினாள். ஈரத்தில் வழுக்கி விழுந்து இரண்டு பேரும் எழும்ப முடியாமல் சிரித்தோம். பிறகு? முதல் பனி கொட்டுகிற நாளில் கோபம் வந்து ஒருத்தரோடும் கதைக்கமாட்டாள். பிறகு?

அந்த ஒரு சொல்லுக்குக் கொஞ்ச நேரத்தில் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. 3.19 போனது, 4.19 போனது. அம்மா என் கையை எப்போது பிடித்தார் என்று தெரியாது, பிடித்திருந்தார். அஃபியாவுக்கே தெரியாத கதைகள் வந்தன, அவள் மாற்றிச் சொல்ல மறந்து சிரித்துவிட்டுப் பிறகு சொன்னாள். எனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்கே அதுவரை தெரியாது. ஐந்தரை மணியளவில் நான் மன்னார் போவதற்கு முதல் நாளுக்கு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் அபேனா போன் எடுத்தாள். பேசாலைக் கருவாடு கொண்டு வா என்றாள், அவர்களும் கறிக்குப் போடுவார்கள். சரி என்றேன். பிறகு, ரெஜி, உனக்கு ஒரு விசயம் சொல்லவேணும், ஐந்து நிமிசம் காணும் என்றாள். பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறேன், வந்து ஆறுதலாகக் கதைப்பம் என்றேன். ஓகே, வந்து கதைப்பம், என்றாள்.

"பிறகு?" என்றார் அம்மா.

"பிறகு ஒண்டுமில்லை அம்மா."

அவர் கையை விடவில்லை. எனக்கு இன்னும் ஏதாவது ஞாபகம் வரும் என்று நினைத்தவர்போலப் பார்த்துக்கொண்டே இருந்தார். அஃபியா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் கதிரை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

6.19 ரயிலில் திரும்பினேன். வெளிச்சம் இருந்தது. 7.10க்கு வீடு. கருவாடு இன்னும் என் குளிர்பெட்டியில்தான் இருக்கிறது, வீட்டுக்காரர் ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயம். பீல் போய்வர, அரைக்கட்டண அட்டையோடு பஸ்ஸையும் சேர்த்து ஆளுக்கு இருபத்தைந்து பிராங் போதும். சனிக்கிழமை என்றால் பத்து மணிக்கு முன்னர் போய்ச் சேருங்கள், பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கும். ஆபிரிக்க நடன உடுப்புகள் பார்க்க, வாங்க ஆசையுள்ளவர்கள் அங்கே நடன வகுப்பு நடத்துகிறவர்களிடம் விசாரித்தால் தைக்கிற ஆட்களைக் காட்டுவார்கள். அளவெடுக்கக் கூப்பிட்டால் வெட்கப்படாமல் போய் ஆடிவிட்டு வாருங்கள்.

கானா ஆக்களின் செத்தவீட்டுக்குப் போக நேர்ந்தால், கறுப்பும் சிவப்பும் என்று நான் இங்கே எழுதிவிடலாம். ஆனால் வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர், வயதுக்கு வயது மாறுமாம், அதனால் என்னை நம்பிப் போகாதீர்கள். சாகப்போகிறவரிடமே கேளுங்கள். உங்களுக்கு நான் என்ன நிறத்தில் வரவேண்டும் என்று, அவர் முகத்தைப் பார்த்து, அவர் இருக்கும்போதே. கேட்கக் கூடாத கேள்வி என்றுதான் தோன்றும். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள், அவர் சொல்லட்டும்.